கடலைப் பார்த்த விளக்குகள்

கடலுக்குப் போக வேண்டிய ஆமைக்குஞ்சு ஒன்று, புதிதாக அடித்திருந்த வெள்ளைக்கோட்டைத் தாண்டி, கார் நிற்கும் இடத்துக்குள் வந்துகொண்டிருந்தது.

அமுதவள்ளி குனிந்து அதைக் கையில் எடுத்தாள். வாலிநோக்கத்து உப்பளங்களுக்கு அப்பால், கடற்கரையை ஒட்டிய இந்த வாகன நிறுத்தத்துக்கு விளக்குகளை வடிவமைத்தவள் அவள். போன வருஷம் இங்கேதான் அவள் கணவன் முத்தழகு குளிக்க இறங்கினான். இருட்டியபின் கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் நீந்தியிருக்க வேண்டும். உடல் கிடைக்கவில்லை. இனி ஒருவரும் அப்படிப் போகக் கூடாதென்று, தரையைப் பார்க்க வேண்டிய விளக்குகளைக் கடலைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள்.

ஆமைகளைக் காவல் காக்கும் இமானுவேல் சாயங்காலமே சண்டை போட்டுவிட்டுத்தான் போனான்.

“யக்கா, குஞ்சு பொரிக்கிற நேரம். வெளிச்சந்தான் கடலுன்னு நெனச்சு இங்கன ஏறி வந்துரும்.”

“பெரிய ஆமையும் வருமா?”

“அது லைட்டக் கண்டா கரைக்கே வராது.”

“அப்பப் பேசாமப் போ. ஆமைய நீ பாரு, மனுசன நான் பாத்துக்கிறேன்.”

இப்போது ஆளில்லாத அந்தப் பரப்பு முழுவதும் வெள்ளை வெளிச்சம் கொட்டிக் கிடக்க, காற்றில் உப்புச்சேற்று வாடையும் புதுத் தாரின் நெடியும் கலந்து வர, கம்பங்களின் ரீங்காரத்துக்கு அடியில் குஞ்சுகள் தாரில் உரசும் சத்தம் காய்ந்த சருகு நகர்வதுபோலக் கேட்டபடியே இருந்தது. துப்பட்டாவில் அள்ளி அள்ளிக் கொண்டுபோய் அலையில் விட்டாள்.

அலைக்குள்ளிருந்து வேறொரு சத்தம். கனமாக. இழுத்து, நின்று, மறுபடி இழுத்து.

பெரிய ஆமை இல்லை. அது வெளிச்சத்துக்கு வராது.

நீலச் சட்டை தெரிந்தது. உள்ளங்கைகளை ஊன்றி, வயிற்றால் ஊர்ந்து ஏறியது. அவளுக்கு அந்தச் சட்டை தெரியும்.

“ஏங்க…”

திரும்பவில்லை. அவளைக் கடந்து விளக்கையே பார்த்தபடி போனது. பின்னால் இன்னொன்று. அதன் பின்னாலும்.

ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள்.

இருட்டு. ஊர்வது நின்றது.

“அமுதா… கரை எங்கன இருக்கு?”

அவன் குரல். அவளால் தாங்க முடியவில்லை. கைபேசியின் டார்ச்சைப் போட்டாள்.

“இங்கன இருக்கேங்க!”

“கரை எங்கன இருக்கு?” இந்த முறை அது ஒரே தொண்டையிலிருந்து வரவில்லை.

சின்ன வட்டமாக விழுந்த வெளிச்சத்துக்குள் முதலில் விரல்கள் வந்தன. ஊறி வெளுத்த விரல்கள். எல்லாப் பக்கமிருந்தும்.