ஏழாவது கட்டிலுக்கு அடியில்

1944 ஜூலை. இங்கிலாந்தில் கென்ட் பக்கம், ஒரு பிரபுவின் மாளிகையில் இயங்கிய அந்த ராணுவ ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் மூரியல் வந்து சேர்ந்தபோது மணி மூன்று. நாட்டிய மண்டபத்தில் வரிசையாகக் கட்டில்கள். மருந்து நெடியையும் மீறி ஈரச் சுவரின் வாடை.

போன மாதம் இதே வார்டில்தான், குண்டுவீச்சின் நடுவே, காயம்பட்டுப் படுத்திருந்த அவள் தம்பி செட்ரிக் இறந்தான். இதயம் நின்றுவிட்டதாகத் தந்தி வந்தது. அதற்கு முந்தைய நாள் எழுதிய கடிதத்தில் அவன், 'இங்கே ஒரு டாக்டர் குடித்துவிட்டு ஆபரேஷன் செய்கிறார். ஒரு சிப்பாய் செத்தே போய்விட்டான். புகார் கொடுக்கப் போகிறேன்' என்றிருந்தான்.

பெயர் இல்லை. டாக்டர்களோ நான்கு பேர். அந்தப் பெயருக்காகத்தான், அக்காள் என்று யாரிடமும் சொல்லாமல், இங்கே மாற்றல் வாங்கியிருந்தாள்.

"சைரன் ஊதினா, கண்ணாடி தெறிச்சுப் படாம எல்லார் மூஞ்சி மேலயும் தகர பேசினைக் கவுத்துடு. அப்புறம் பக்கத்துல எந்தக் கட்டில் இருக்கோ அதுக்கடியில பூந்துக்க," என்றாள் சீனியர் நர்ஸ் ஐவி. "ஒண்ணாம் நம்பர் கட்டில் சார்ஜென்ட் பேசினுக்குள்ள பாட ஆரம்பிச்சிடுவார். குண்டே தேவலைன்னு இருக்கும்."

"பாட்டுக்கு அழுவுறவ நீதான்டி," என்றார் சார்ஜென்ட்.

அப்போதே சைரன் அலறியது. பேசின்களைக் கவிழ்த்துவிட்டு, மூரியல் கைக்கெட்டிய கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். தலைக்கு மேலே, ஆளில்லாமல் இன்ஜினில் பறந்து வரும் ஜெர்மன் குண்டின் உறுமல். பிறகு இன்ஜின் நின்றது. இனி விழ வேண்டியதுதான் பாக்கி.

கட்டில் விளிம்பிலிருந்து ஒரு கை தொங்கி வந்தது.

பாவம், பயந்துவிட்டான். பற்றிக்கொண்டாள். சில்லென்றிருந்தது.

காலடி ஓசை.

எல்லோரும் பதுங்கியிருக்கும்போது நடப்பது யார்? பழுப்பு பூட்ஸ். இடது காலில் கயிற்றுக்குப் பதிலாகக் கட்டுத்துணி நாடா. கட்டிலருகே வந்து நின்றது. மேலே பேசின் நகரும் ஓசை. மெத்தை அவள் முகத்தை நோக்கி அமுங்கியது.

கை துடித்தது. அவள் விரல்களை நெரித்தது.

தளர்ந்தது.

தூரத்தில் குண்டு வெடித்தது. வெளியே புரண்டு வந்து பார்த்தாள். ஏழாவது கட்டில். விரிப்பில் ஒரு சுருக்கமில்லை. யாருமில்லை.

"இதுலயா பூந்த?" ஐவியின் குரல் இறங்கியது. "செட்ரிக்னு ஒரு பையன் இதுலதான் போனான். அப்புறம் யாரும் படுக்கல."

"இப்ப யாரு நடந்தது?"

"யாரும் நடக்கலையே."

நிலவறையிலிருந்து டாக்டர் ட்ரெகார்ன் படியேறி வந்தார். பழுப்பு பூட்ஸ். கட்டுத்துணி நாடா.

"புது நர்ஸா? முகமே வெளுத்துப் போச்சே. எந்தக் கட்டில்?"

"ஏழு."

டாக்டரின் சிரிப்பு அப்படியே நின்றது. குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"உன் கையையும் பிடிச்சானா?"

கையைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் சட்டைக் கையைச் சுருட்டினார். மணிக்கட்டைச் சுற்றிக் கன்றிப்போன விரல் தடங்கள்.

"நான் அவன் அக்கா," என்றாள் மூரியல்.

"மேட்ரனைக் கூப்பிடும்மா. தலகாணிய வெச்சு அமுக்கினது நான்தான்னு சொல்லிடறேன். சொன்னாலாவது விடறானான்னு பாப்போம்."

மாலையில் போலீஸ் கார் வந்தது. டாக்டரைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டுக் காவலர் கதவைச் சாத்தப் போனார்.

"கொஞ்சம் இருங்க," என்று முனகிய டாக்டர், நகர்ந்து இடம் விட்டார்.

அவர் விட்ட காலி இடத்துப் பக்கமாகக் கார் மெல்லத் தாழ்ந்தது.