டீ குடித்த லிங்கம்

பால்வண்ணனின் நாவலுக்கு 'நகல்' என்று முத்திரை குத்திவிட்டது மூலமானி. பதினொரு வருஷம் உட்கார்ந்து எழுதி, ஒரு காசு வாங்காமல் இணையத்தில் தூக்கிக் கொடுத்த நாவல். மனிதர் மறுநாள் காலையிலேயே தூத்துக்குடி எழுத்துச் சான்று அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கதைப்பொறிகள் நிமிஷத்துக்கு நூறு கதை எழுதித் தள்ள ஆரம்பித்த பிறகு வந்த கருவி இந்த மூலமானி. ஒரே மாதிரி இரண்டு கதை சிக்கினால், எது மூலம், எது பார்த்து எழுதியது என்று சொல்லிவிடும். அதன் சான்று இல்லாத கதை இணையத்தில் ஒரு நாள்கூட நிற்காது.

"இதே கதையைப் பொறி ஒண்ணு ஏத்தி மூணு வருஷம் ஆச்சு சார். உங்க கோப்பு போன மாசம்தான் ஏறியிருக்கு," என்றார் அதிகாரி ரெஜினா.

"அது நாப்பத்தோராவது திருத்தம் மேடம். முதல்ல போட்டு எட்டு வருஷம் ஆச்சு."

சும்மா கதை போடுகிறவர்களுக்கே உள்ள வியாதி இது. பதிப்பாளர் கிடையாது, பிழை பார்க்க ஆள் கிடையாது. யாராவது வாசகர் ஒரு தப்பைச் சொன்னால் போதும், பால்வண்ணன் சோற்றுக் கையோடு எழுந்து போய்த் திருத்தி, பழைய கோப்பின் மேலேயே புதியதை ஏற்றிவிடுவார். தளத்தில் கடைசித் தேதி மட்டும்தான் நிற்கும். போதாக்குறைக்கு, 'பழைய பிரதியை அழித்துவிடுங்கள்' என்று வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள் வேறு. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார்.

ரெஜினா நல்லவர்தான். "பழைய பிரதி ஒண்ணு யார்கிட்டயாவது இருந்தா போதும் சார்," என்றார்.

அவருடைய வாசகர்களில், தப்புக் கண்டுபிடிப்பதில் கோவில்பட்டி தபால் நிலையத்துக் காந்திமதியை அடிக்க ஆளில்லை. பால்வண்ணன் அங்கிருந்தே, ரெஜினாவுக்கும் கேட்கும்படி, அவருக்குப் போன் போட்டார்.

"பழசா? ஒண்ணு விடாம அழிச்சிட்டேனே. அழிச்சிருங்கன்னு நீங்கதானே எழுதுவிய?" என்றார் காந்திமதி. சற்று யோசித்து, "ஒண்ணு ஞாபகம் இருக்கு சார். அஞ்சாம் அத்தியாயத்துல செத்துப்போன லாரி டிரைவர் லிங்கம், ஒம்பதாம் அத்தியாயத்துல வந்து டீ குடிப்பாரு. ரெண்டு வருஷம் முன்ன நான்தான் போன்ல சொன்னேன், நீங்களும் எடுத்துட்டிய. உங்களைப் பார்த்துதான் பொறி எழுதுச்சுன்னா அந்தத் தப்பு அதுல இருக்கணும்லா?"

ரெஜினா தேடினார். இருந்தது. பொறியின் ஒன்பதாம் அத்தியாயத்தில், செத்த லிங்கம் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

பால்வண்ணன் திரையில் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். "அது எங்க அண்ணன் மேடம். நெசமாவே லாரியில செத்துப்போனவன். அவன் செத்தது என் மனசுக்கு ஏறல. நாலு அத்தியாயம் தள்ளி, கை பாட்டுக்கு அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கு. பொறிக்கு எந்த அண்ணன் செத்தான்? இந்தத் தப்பை என்னைத் தவிர எவன் செய்வான்?"

ரெஜினாவுக்குக் கண் கலங்கியது. இரண்டு பிரதியையும், அந்தப் பிழையைக் குறித்துக் காட்டி, மூலமானியிடமே மேல்முறையீட்டுக்குக் கொடுத்தார். இந்தத் தடவை தப்பாது என்று பால்வண்ணன் நம்பினார். மூலமானி அரை நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

ரெஜினா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வாசிங்க மேடம்."

"'ஒன்பதாம் அத்தியாயப் பிழை, சாவைத் தாங்க முடியாத ஒரு மனம் தன்னையறியாமல் செய்தது. பார்த்து எழுதுகிறவருக்கு இது வராது. ஆகவே பிழையுள்ள பிரதியே மூலம். மற்றது, அந்தத் துக்கம் விளங்காத ஒருவர் பிழையை நீக்கி எழுதிய நகல்.'"

சாயங்காலத்துக்குள் பால்வண்ணனின் நாவல் இணையத்திலிருந்து போய்விட்டது. டீ குடிக்கிற அண்ணனைப் பார்க்க வேண்டுமானால் இனி பொறியின் பக்கத்துக்குத்தான் போக வேண்டும். போனார். அங்கே படிக்கக் காசு கேட்டார்கள். கட்டினார்.