அவள் எழுதாத பதினொரு வரிகள்

குடையை அவள் படாரென்று விரித்தாள். அதன் கம்பி ஒன்று யாருடைய நெற்றியிலோ போய்க் குத்தியது.

"கண்ணு தெரியலையா? குடை விரிக்கிற இடத்துலயா வந்து நிப்பாங்க?"

குத்தியவள் தான்தான் என்பதை வசதியாக மறந்துவிட்டு அவளே சண்டைக்கும் போனாள். கட்டட வாசலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நெற்றியைத் தேய்த்தபடி நின்றவனின் தலைமுடியில், புருவத்தில், சட்டைக் காலரில் எல்லாம் வெள்ளை மாவுபோல் ஏதோ படிந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருப்பார்கள். இவனோ அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்... வாயைத் திறந்தபடி... எங்கேயோ கேட்ட குரலை அடையாளம் கண்டுகொண்டவன்போல.

நனைந்த இமைகளுக்கு நடுவே என்ன கண்கள் அவை... ஒரு நொடி அவளுக்கே அடுத்த வசவு மறந்துவிட்டது. சமாளித்துக்கொண்டாள்.

"தெரியலன்னா ரெண்டாவது மாடில எங்க கடைக்கு வாங்க. கண்ணாடி போட்டு அனுப்பறேன்."

அவன் சிரித்தான். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல் முணுமுணுத்தான்.

"கோபம் போனப்புறம் ஒரு நிமிஷம் வரும்ல... அதுக்காக எவ்வளவு திட்டு வேணும்னாலும் வாங்கலாம்."

அவள் கையிலிருந்த குடை சாய்ந்தது. மழை தலையில் கொட்டியது. அதைக்கூட உணராமல் நின்றாள்.

அது அவளுடைய நாவலின் வரி. நான்காம் அத்தியாயத்தில், பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு நாயகன் நாயகியிடம் சொல்வது. இன்னும் அச்சேறாத நாவல்...

"நீங்க... இத எங்க..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள், என்ன சொல்லிவிட்டோம் என்று அவனே திடுக்கிட்டவன்போல், "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு மழைக்குள் ஓடிப்போனான்.

கண்ணாடிக் கடையில் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர். ஃபிரேமைத் துடைக்கும்போதும் வாய் ஓயாமல் எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள் என்பதால் உடன் வேலை செய்பவர்கள் வைத்தது. முணுமுணுத்ததெல்லாம் ஒரு காதல் கதை. அதை இதுவரை அறிந்தவர்கள் மூன்றே பேர். அவள், அவள் போனில் இருக்கும் ஏஐ, கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, "நாயகன் பேசறதுக்காகவே இத நான் போடறேன்" என்று சொன்ன பதிப்பக அக்கா.

அக்கா ஓர் உறுதிமொழிப் படிவமும் அனுப்பியிருந்தார். 'இந்நூலின் ஒவ்வொரு வரியும் என் சொந்தப் படைப்பு. எந்த வரியையும் இயந்திரம் எழுதவில்லை.' வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அன்று செவ்வாய்.

நேற்றுவரை அந்தப் படிவத்தைப் பார்த்தாலே அவளுக்குப் பெருமையாக இருந்தது. காரணம், அண்ணன். "நீயா எழுதற? பட்டனத் தட்டற, அது எழுதுது. பேரு மட்டும் உன்னோடது" என்று வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தவர். இரண்டு மாதமாக அவரோடு பேச்சில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேசுவதாக அண்ணியிடம் சொல்லி வைத்திருந்தாள்.

அண்ணன் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது... ஆரம்பத்தில். முதல் மாதம் அவள் ஏஐயையே முழு அத்தியாயமும் எழுதச் சொல்லிப் பார்த்தாள். நாயகனின் கண்கள் எல்லா அத்தியாயத்திலும் கடலாகவே இருந்தன. மழை பெய்தால் வானம் அழுதது. தூக்கிப் போட்டாள். அடுத்து, தானே எழுதித் திருத்தக் கொடுத்தாள். அது திருத்தியதில் அவளுடைய நாயகி செய்தி வாசிப்பவள்போலப் பேச ஆரம்பித்துவிட்டாள். அதையும் விட்டாள். எட்டு மாதம் தட்டுத்தடுமாறிய பிறகுதான் அவளுக்கென்று ஒரு வழி அமைந்தது.

மதியம் ஒரு மணிக்கு ஆறாவது மாடிப் படிக்கட்டுத் திருப்பத்துக்குப் போவாள். அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. சன்னல் விளிம்பில் போனைப் பதிவில் வைத்துவிட்டுக் கதையை வாய்விட்டுச் சொல்வாள். நாயகி ஒரு வசனம் பேசியதும், நாயகன் என்ன பதில் சொல்வான் என்று யோசிக்க ஒரு மாடி இறங்குவாள். யோசித்து முடித்து ஏறி வருவாள். கால் நடந்தால்தான் அவளுக்கு மூளை நடக்கும். பதிவை ஏஐயிடம் கொடுப்பாள். ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது, எழுத்தாக்கி ஒழுங்குபடுத்த வேண்டும், கடைசியில் மூன்று கேள்வி கேட்க வேண்டும். அவ்வளவுதான் அதற்கு வேலை.

அப்படியிருக்க, அந்த வரி முன்பின் தெரியாத ஒருவன் வாயில் எப்படி?

இரவெல்லாம் அதையே யோசித்தாள். ஒருவேளை ஏஐ தானாகவே வரிகளைச் செருகியிருக்குமோ... கேட்கிறவர்களுக்கெல்லாம் அதே வரியைக் கொடுக்குமோ... அவனும் அதனிடமிருந்துதான் வாங்கினானோ... அப்படியானால் அண்ணன் சொன்னதுதான் சரி.

மறுநாள் காலை கடையின் சரக்கறையில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து அதையே கேட்டுவிட்டாள். 'நான் எதையும் சேர்க்கவில்லை. உங்கள் ஒலிப்பதிவில் இருந்ததை மட்டுமே எழுத்தாக்கினேன்' என்று பதில் வந்தது. திருடனிடமே திருடினாயா என்று கேட்டால் வேறு எப்படிச் சொல்வான்? கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று பழைய பதிவைத் திறந்து காதில் வைத்தாள்.

அவள் குரல்தான். "கோபத்துல அழகா இருக்கேன்னு மட்டும் சொல்லாதீங்க. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

செருப்புச் சத்தம் படி இறங்கிப் போனது. எங்கோ உர்ரென்று ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் ஒன்று நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு, வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பேசும் ஓர் ஆண் குரல்.

"கோபமா இருக்கும்போது பயமாத்தாங்க இருக்கு. அது போனப்புறம் ஒரு நிமிஷம் வரும்ல... அதுக்காக எவ்வளவு திட்டு வேணும்னாலும் வாங்கலாம்."

போன் கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. செருப்புச் சத்தம் ஏறி வந்தது. எதுவும் தெரியாத அவளுடைய அசட்டுக் குரல் அடுத்த காட்சியைச் சொல்ல ஆரம்பித்தது.

ஒவ்வொரு பதிவாகக் கேட்டாள். மொத்தம் பதினொன்று. எழுத்தில் பார்த்தபோதெல்லாம், 'இத நானா சொன்னேன்? பரவாயில்லையே நான்...' என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்ட அதே பதினொன்று. வெட்கத்தில் காது மடல் எரிந்தது.

ஒரு மணி ஆனதும் படியேறினாள். ஆறாவது மாடிச் சன்னலில், இத்தனை நாளில் முதல் தடவையாக, தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள். நடுவில் கைக்கு எட்டும் அகலத்தில் ஒரு காற்றுவழி. எதிரே இன்னொரு சன்னல். அதற்குள்ளே பல் கட்டும் கூடம். மேசை நெடுகச் சுண்ண அச்சுகளில் செயற்கைப் பற்கள் வரிசையாகச் சிரித்தன. நடுவே சாப்பாட்டு டப்பாவோடு அவன். அவன் சிரிக்கவில்லை.

"என் கதைக்குள்ள நீங்க எப்படி வந்தீங்க?"

மென்றுகொண்டிருந்ததை அவன் விழுங்க மறந்தான். "கதையா? நாடகத்துக்கு மனப்பாடம் பண்றீங்கன்னுல்ல நினைச்சேன்..."

அவள் போனை நீட்டிப் பதிவை ஓடவிட்டாள். தன் குரலைத் தானே கேட்டவன் மேசையிலிருந்த அச்சுகளைவிட வெளுத்துப்போனான்.

"இதெல்லாம்... பதிவாகுதா?"

"பதினொண்ணு."

"யாரும் கேக்கலன்னு நினைச்சுப் பேசினதுங்க."

"நானும் கேக்கல. என் போன் கேட்டிருக்கு. பதிப்பகத்துல அக்கா படிச்சாச்சு. புத்தகமா வந்தா ஊரே படிக்கும்." தயாராக எழுதி வைத்திருந்த தாளைச் சன்னல் வழியாகக் கொடுத்தாள். "இந்தப் பதினொரு வரியும் உங்களோடது, மனசார எனக்குக் குடுக்கறீங்கன்னு எழுதியிருக்கேன். ஒரு கையெழுத்துப் போடுங்க. முதல் பக்கத்துல பேர் போட்டு நன்றி சொல்லிடறேன்."

அவன் வாங்கிப் படித்தான். முதல் வரிக்குச் சிரித்தான். மூன்றாவதற்குக் காது சிவந்தது. ஏழாவது வரியில் கண் அப்படியே நின்றுவிட்டது. எடுத்த பேனாவை மூடிவைத்தான்.

"தரமாட்டேங்க."

"என்னது?"

"பஸ் ஸ்டாப்புல நிக்கிற அந்த ஆளு இதெல்லாம் சொல்றதுல எனக்கு இஷ்டமில்ல."

"அவன் கதாநாயகன்ங்க."

"அதனாலதான்."

அவளுக்குக் கோபம் ஏறிவிட்டது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பதினொரு வரி பேசியதற்கே இத்தனை தலைக்கனமா? "எனக்கு எழுத வராதுன்னு நினைச்சீங்களா? வெச்சுக்கோங்க உங்க வரிய. நானே எழுதிக்கறேன்." தாளைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டாள்.

மூன்று மணிக்குக் கடையில் கூட்டமில்லை. சரக்கறைப் பெட்டிமேல் உட்கார்ந்து வரிகளை ஒவ்வொன்றாக நீக்க ஆரம்பித்தாள். ஏழாம் அத்தியாயத்தைத் திறந்தபோது, அதன் அடியில் ஏஐ கேட்டிருந்த மூன்று கேள்விகள் அப்படியே கிடந்தன. மூன்று வாரமாகப் பதில் சொல்லப்படாதவை. அவற்றில் கடைசிக் கேள்வி:

'இருவரும் எப்போதும் பஸ் நிறுத்தத்தில்தான் சந்திக்கிறார்கள். அங்கே படிக்கட்டு இல்லை. அப்படியானால் "நீங்க படி இறங்கிப் போனா எனக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குது, ஏறி வர்ற சத்தம் கேட்டாத்தான் அடுத்த வாய்" என்று அவன் யாரிடம் சொல்கிறான்?'

அன்று இதைப் படித்துவிட்டு, கவிதை தெரியாத இயந்திரம் என்று கேலி செய்து தள்ளிவிட்டிருந்தாள்.

இன்று படித்தாள். மறுபடி படித்தாள்.

படி... இறங்குவது யார்? ஏறி வருவது யார்?

மீதிப் பத்தையும் அந்தக் கண்ணோடு பார்த்தாள். "குரல் மட்டும் தெரிஞ்சாப் போதுமான்னு கேட்டா, போதாதுதான். இப்போதைக்கு அதுதாங்க இருக்கு." கடவுளே... நேற்று மழையில் அவன் அப்படி வாய் பிளந்து நின்றது இதனால்தானா? இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த குரலின் முகத்தைக் குடைக்கு அடியில் முதல் தடவையாகப் பார்த்துவிட்டு நின்றானா?

ஒருவன் அவளுக்கென்று சொன்னதையெல்லாம் அவள் காற்புள்ளி வைத்து, அத்தியாய எண் போட்டு, இல்லாத ஒரு பஸ் நிறுத்தத்தில் நிற்கும் எவனோ ஒருவன் வாயில் கொடுத்திருக்கிறாள். அதற்குக் கையெழுத்து வேறு கேட்டிருக்கிறாள். அழுகை வந்தது. கூடவே ஏனோ சிரிப்பும் வந்தது. நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் எது எதற்கு என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பதினொன்றையும் நீக்கினாள். பிரதியையும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியையும் அன்றைக்கே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை பதிப்பக அக்கா போனில் பிடித்துக்கொண்டார். "என்னடி பண்ணி வெச்சிருக்க? நாயகன் ஊமையாயிட்டான். அந்த வரியெல்லாம் எங்க?"

"அது என்னோடது இல்லக்கா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். "இல்ல, என்னோடதுதான். புத்தகத்தோடது இல்ல."

"எனக்கு ஒண்ணும் புரியல. ஒரு வாரம் தரேன். அதுக்குள்ள அவன் பேசலன்னா இந்த வருஷப் பட்டியல்ல உன் புத்தகம் இல்ல."

"சரிக்கா" என்றாள். அண்ணனின் சிரிப்பு ஒரு கணம் கண்முன் வந்து போனது. வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. அன்று அவள் சன்னலுக்குப் போகவில்லை. சுற்றிக்கொண்டு போய்ப் பல் கட்டும் கூடத்தின் கதவைத் தட்டினாள். திறந்தவன் கையெல்லாம் சுண்ணமாக, நம்ப முடியாமல் நின்றான்.

"பதினொண்ணையும் எடுத்துட்டேன்" என்றாள்.

"அப்போ புத்தகம்?"

"வராமலும் போகலாம்."

அவன் முகம் தொங்கிவிட்டது. "என்னாலயா? குடுங்க அந்தத் தாள. இப்பவே போட்டுத் தரேன்..." அழுக்குக் கையோடு பேனாவைத் தேடி மேசையை உருட்டினான். இரண்டு பல் வரிசைகள் கீழே விழுந்தன.

"வேணாம். எனக்குச் சொன்னத ஊர் எதுக்குப் படிக்கணும்?"

தேடிக்கொண்டிருந்த கை நின்றது. மெல்லத் திரும்பினான்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா..."

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? ஏஐதான் கேட்டுச்சு, பஸ் ஸ்டாப்புல படிக்கட்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு. மூணு வாரமா எனக்குத்தான் உறைக்கல."

"மெஷினுக்குக்கூடவா தெரிஞ்சுபோச்சு..." அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டான். நெற்றியும் வெள்ளையானது.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த அத்தியாயத்திலும் இல்லாத, எவரும் ஒழுங்குபடுத்தித் தராத ஒன்றைச் சட்டென்று சொன்னாள்.

"உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. அவன் அருகிலிருந்த சுண்ண மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தான். வெண்புகையாகத் தூசி எழுந்தது.

"ஒரு நிமிஷம்ங்க... பதில் யோசிச்சுக்கறேன்."

"யோசிங்க. ஆனா இந்தத் தடவை நான் எதுக்க நிக்கும்போதே சொல்லணும்."

வெளியே மழை வலுத்தது. அவன் நிமிர்ந்தான். அந்தக் கண்கள்... அவற்றை என்னவென்று எழுதுவது என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. கொஞ்சம் திக்கினான். பிறகு சொன்னான்.

புத்தகம் வந்துவிட்டது. அண்ணன் ஒரே மூச்சில் படித்துவிட்டு, "தப்புத்தான்மா" என்று ஒப்புக்கொண்டார். நாயகன் அதில் நன்றாகவே பேசுகிறான். பேசியது அத்தனையும் அவளே எழுதியது. அன்றைக்கு ஆறாவது மாடியில் அவன் சொன்னது மட்டும் அதில் இல்லை. பதிப்பக அக்கா எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். அவள் யாருக்கும் சொல்வதாக இல்லை... நமக்கும்தான்.