அன்னம்மாள் என்கிற பெயரில்

காலை ஏழரை மணிக்கு ஒரு உரசலாவது இல்லாமல் அந்த வீட்டில் பொழுது விடிந்ததில்லை. அன்றைக்கு அது சம்ப் மூடியில் ஆரம்பித்தது. தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போன லவினாவால், தரைக்கடியில் இருந்த அந்தத் தொட்டியைத் திறக்கவே முடியவில்லை. மூடியின் மேல் மாமியார் டோரீன் மூன்று சிமெண்ட் கற்களை அடுக்கி வைத்திருந்தாள். பூட்டு ஏற்கெனவே போட்டிருந்தது. அது போதாதாம், கல்லும் வேண்டுமாம்.

"சும்மா எதுக்கு மம்மி இந்த வேலை? எட்டு மணிக்குக் கேப் வந்துடும் எனக்கு."

டோரீன் கற்களை ஒவ்வொன்றாக நகர்த்தினாள். மூன்று வயதுப் பேத்தி ஷெரின் அவள் இடுப்பில் இருந்தாள். குழந்தையைக் கீழே விட்டுவிட்டுக் கல்லைத் தூக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். அவளுக்குத் தோன்றாது. பாதி வேலையில் சட்டென்று நிமிர்ந்து கேட்டைப் பார்த்தாள். யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டாள். யாருமில்லை. வாரத்தில் நாலைந்து தடவை இப்படிக் கேட்பாள். லவினா கேலி செய்து செய்து அலுத்து, அதையும் விட்டுவிட்டாள்.

ஆனால் அன்றைய கோபம் கல்லைப் பற்றியது மட்டுமில்லை. டோரீனின் மகன் பிராங்க்ளின் முந்தின நாள் பி.எஃப். ஆபீஸுக்குப் போய்வந்து ஒரு செய்தி சொல்லியிருந்தான். டோரீன் பீன்யாவில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தைத்தது ஒன்பது வருஷம் இரண்டு மாதம். மாதா மாதம் பென்ஷன் வரப் பத்து வருஷம் வேண்டும். ஒன்பதரை இருந்தால்கூடப் பத்தாக எடுத்துக்கொள்வார்கள். நாலே நாலு மாதம் குறைந்துவிட்டது! இனி ஒரே தடவையாகக் கொஞ்சம் கொடுத்துக் கணக்கை மூடிவிடுவார்கள், அவ்வளவுதான். கணவன் டென்சிலும் போய்ச் சேர்ந்த பிறகு, தன் மருந்து மாத்திரைக்காவது மகனிடம் கை நீட்டாமல் இருந்துவிடலாம் என்று நம்பியிருந்தவளுக்கு இப்படி ஒரு முடிவு.

அவள் வேலையை விட்டது லவினாவின் பிரசவ லீவு முடிந்த அதே வாரம். இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததுதான் லவினாவைக் குத்தியது.

"நாங்களா மம்மி வேலைய விடச் சொன்னோம்? டேகேர்ல போடலாம்னேன். நீங்கதான் ஒத்தக் கால்ல நின்னீங்க... பாப்பாவ யார்கிட்டயும் விடக்கூடாதுன்னு. நாளைக்கு மருமகளாலதான் பென்ஷன் போச்சுன்னு சர்ச்சுல பேசுவாங்க. அந்தப் பழி எனக்கு எதுக்கு?"

"உன்ன யாரும் சொல்லமாட்டாங்கமா," என்றாள் டோரீன். சொல்ல ஒரு பதில் இருந்தது. இருபத்தாறு வருஷமாக அதை விழுங்கியே பழகிவிட்டாள்.

கணக்கை மூட ஃபாரம் எழுத வேண்டும், ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துத் தரச் சொல்லி பிராங்க்ளின் உள்ளிருந்து குரல் கொடுத்தான். டோரீன் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்ததால் லவினாவே தகரப் பெட்டியைத் திறந்தாள். பாஸ்புக்குக்கு அடியில் பழுப்பேறிய ஒரு தாள் கிடந்தது. பி.எஃப். நாமினேஷன் ஃபாரம். வேறொரு கம்பெனி, தொண்ணூற்றாறாம் வருஷத்துத் தேதி. தொழிலாளியின் பெயர் அன்னம்மாள்.

யார் இந்த அன்னம்மாள் என்று கேட்டாள் லவினா.

டோரீனின் கை குழந்தையின் வாயருகே அப்படியே நின்றது. "தெரியாது," என்றாள். "கூட வேலை செஞ்ச யாரோ. கிழிச்சுப் போட்டுடு."

லவினா கிழிக்கத்தான் போனாள். ஆனால் எதையும் படிக்காமல் கிழிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. படித்தாள். கணவன்: டென்சில். பிள்ளைகள்: பிராங்க்ளின், மகன், நாலு வயது. சோனியா, மகள், மூன்று மாதம்.

அவள் தாளைக் கணவனிடம் நீட்டினாள். பிராங்க்ளின் இரண்டு முறை பார்த்தான்.

"சோனியா யாரு மம்மி?"

டோரீன் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கையைக்கூடக் கழுவாமல் தரையில் உட்கார்ந்தாள்.

"உன் தங்கச்சிடா."

பிறகு எல்லாம் வந்தது. ஞானஸ்நானத்தில் அவளுக்கு வைத்த பெயர் அன்னம்மாள் டோரீன். முதல் கம்பெனியில் அன்னம்மாள் என்று எழுதிக்கொண்டார்கள். பிராங்க்ளின் அப்போது கோலாரில் அத்தை வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தான். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். ஒரு வருஷம் எட்டு மாதம் அப்படியே ஓடியது. ஒருநாள் அந்தப் பெண் தண்ணீர் இறைக்கச் சம்பைத் திறந்துவிட்டு, பால் பொங்குகிறதென்று உள்ளே ஓடினாள். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கம்பெனி மைக்கில் கன்னடத்தில் கூப்பிட்டார்கள், அன்னம்மா கேட்டுக்கு வரணும் என்று. கையில் இருந்த சட்டைக் காலரைத் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாளாம்.

"அந்தக் காலர முடிச்சுட்டுப் போனேன்... அந்த ரெண்டு நிமிஷம்..." வாசல் கேட்டைப் பார்த்தாள். "அந்தப் பேர்ல இன்னும் யாரோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. உங்கப்பாகூட அதுக்கப்புறம் அந்தப் பேரச் சொல்லல."

அந்தக் கம்பெனிப் பக்கம் அவள் மறுபடி போகவேயில்லை. சம்பளப் பாக்கியும் வாங்கவில்லை, பி.எஃப். பணமும் எடுக்கவில்லை. ரேஷன் கார்டு, ஆதார், அடுத்த வேலை எல்லாவற்றிலும் டோரீன் ஆகிவிட்டாள்.

பணம் எடுக்காததால் அந்தப் பழைய சர்வீஸ் அப்படியே இருக்கும், இரண்டையும் சேர்த்தால் பத்து வருஷத்தைத் தாண்டிவிடும் என்றான் பிராங்க்ளின் தடுமாறிக்கொண்டே. டோரீன் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தப் பெயரில் வரும் ஒரு காசும் தனக்கு வேண்டாம் என்றாள். லவினா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெற்ற பிள்ளையைத் தண்ணீருக்குக் கொடுத்தவள் என்று தெரிந்த பிறகு எந்த மருமகள் தன் குழந்தையை விடுவாள்? அந்தப் பயத்தில்தானே இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஷெரினைத் தானே தூக்கி மருமகளிடம் நீட்டினாள்.

"டேகேர்லயே சேர்த்துடும்மா."

வாசலில் கேப் ஹாரன் அடித்தது. லவினா குழந்தையை வாங்கவில்லை. கன்னத்தில் ஒட்டியிருந்த சோற்றைத் துடைத்துவிட்டாள். அப்புறம் மாமியாரையும் குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"பாப்பா உங்ககிட்டயே இருக்கட்டும் மம்மி. உங்களவிட யாரு பத்திரமா பார்த்துப்பா? தெரியாம தினமும் உங்களப் பேசிட்டேனே..."

அவள் ஆபீஸுக்குப் போனாள். குழந்தை டோரீனின் இடுப்பிலேயே இருந்தது.

பழைய கணக்கைக் கண்டுபிடிக்கவும், இரண்டு பெயரும் ஒருத்திதான் என்று பங்குக் கோவிலில் ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கவும் மூன்று மாதம் ஆனது. டோரீன் சம்மதித்ததாக ஒருநாளும் சொல்லவில்லை. ஆனால் சான்றிதழ் வாங்கப் போனபோது கூடவே போனாள். பென்ஷன் ஃபாரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து லவினாதான் எழுதினாள். ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்து, குடும்ப விவரத்தில் நின்றாள். அந்த இடத்தில் என்ன கேட்பதென்று அவளுக்கே கூச்சமாக இருந்தது.

"பிள்ளைங்க எத்தன பேர்னு எழுதட்டும் மம்மி?"

இத்தனை வருஷமாக யார் கேட்டாலும் ஒன்று என்றே சொல்லி வந்தவள் டோரீன்.

"ரெண்டு," என்றாள். "ரெண்டு பேரையும் எழுது."