ஆறாத எஞ்சின்

வண்டியைக் கடைசியாக ஓட்டி இரண்டு நாளாகியிருந்தது. ஆனாலும் பூனை பானெட்டின் மேல்தான் படுத்திருந்தது.

மார்கழி விடியல். பாலாற்றுப் பக்கமிருந்து இறங்கிய பனி, வீட்டுக்குப் பின்னால் மூடிக் கிடந்த, தோல் பதனிடும் டேனரியின் சுவரைத் தாண்டி, சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த பழைய வாடையைச் சுமந்துகொண்டு வாசல்வரை வந்திருந்தது. கிறிஸ்டினா சால்வையை வயிற்றின் மேல் இழுத்து மூடிக்கொண்டு பூனையைப் பார்த்தாள். குளிருக்குப் பூனை சூடான இடம் தேடும். இங்கே சூடு ஏது என்று அவள் யோசிப்பதற்குள் கணவன் ஜெஸ்டன் அதை விரட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினான்.

எஞ்சின் இருமியது. பிடித்துக்கொண்டது. உடனே வண்டி முழுவதும் உதறத் தொடங்கியது. சத்தம் ஏறி, இறங்கி, அடங்கப் போய், மறுபடி ஒரு பெருமூச்சைப் போல ஏறி, கண்ணாடியும் நம்பர் பிளேட்டும் தனித்தனியே நடுங்க, சட்டென்று நின்றுபோனது. அவள் வயிற்றுக்குள் குழந்தை ஒருமுறை உதைத்து, அதுவும் அடங்கியது.

"உனக்கு மசக்கை நின்னுச்சு, இதுக்கு ஆரம்பிச்சிருச்சு," என்றான் ஜெஸ்டன்.

அவள் சிரிக்கவில்லை. வலி எடுத்தால் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக இந்த வண்டிதான். முதல் குழந்தை குறைமாதத்தில் வந்தது. ஆம்புலன்சுக்குக் காத்திருந்த நேரத்தில் போயிற்று. அவள் நர்ஸ். அவளாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த வண்டியை வாங்கினார்கள்.

"இன்னிக்கே வஹீத் பாயக் கூப்பிடுங்க."

அப்துல் வஹீத் அடுத்த தெரு மெக்கானிக். வண்டியை ஓட்டி வர வேண்டாம், சூடேறினால் நோய் மறைந்துவிடும், ஆறின வண்டியைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மறுநாள் பொழுது விடியுமுன் அவரே வந்தார். பிளக்குகளை மாற்றினார். காற்று போகும் வழியைத் துடைத்தார். உதறல் குறையவில்லை. அடுத்த விடியலில் ஸ்கேனரைக் கொண்டுவந்து செருகினார்.

"ராத்திரி பூரா நின்ன வண்டி. வெளிக்காத்து பத்தொம்போது. ரேடியேட்டர் தண்ணியும் அதேதான் காட்டணும். இது முப்பத்தேழு காட்டுது பாரு தங்கச்சி. நான் சூடா கீறேன்னு பொய் சொல்லுது. அத நம்பி கம்ப்யூட்டரு பெட்ரோலக் கம்மி பண்ணிடுது. பசியோட எழுப்பினா உதறாம இன்னா பண்ணும்?"

"சென்சாரா பாய்?"

"சென்சார்தான். மாத்திட்டா பேஜார் தீந்துச்சு."

முப்பத்தேழு. வார்டில் ஒவ்வொரு கட்டிலின் காலடி அட்டையிலும் உடம்புச் சூடென்று அவள் எழுதும் எண். ஸ்கேனர் திரையில் அதை மறுபடி ஒருமுறை படித்தாள்.

அடுத்த நாள் ஜெஸ்டன் ஷூ கம்பெனி பஸ் ஏறிப் போன பிறகு வஹீத் புது சென்சாரோடு வந்தார். மாட்டினார். முப்பத்தேழு. கழற்றிக் காற்றில் பிடித்தார். பத்தொன்பது. திரும்ப மாட்டினார்.

முப்பத்தேழு.

"பொய் சொல்லல," என்றார் மெதுவாக. "நெஜமாவே சூடாத்தான் கீது. அப்ப இன்னாத்துக்கு உதறுது?"

சென்சாரின் ஓட்டையிலிருந்து வழிந்த தண்ணீர் அவர் விரல்களை நனைத்திருந்தது. முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தண்ணி யாரு ஊத்தினது?"

"அவருதான். போன மாசம் கம்மியா இருந்துச்சு. கேன் தண்ணி நாம குடிக்கறதுக்கு, வண்டிக்கு எதுக்குன்னு பின்னாடி டேனரி கெணத்துல எறைச்சு..."

"அந்தக் கெணறா? மாடுகூட வாய் வெக்காதே தங்கச்சி!"

விரல்களைத் துணியில் துடைத்தார். போகவில்லை. மறுபடி துடைத்தார். விரலில் ஒட்டியிருந்தது ரோமம். மெல்லியது. பஞ்சு போல வெளுத்தது.

"தோல் மயிரு," என்றார். "டேனரித் தண்ணில வேற இன்னா இருக்கும்."

கிறிஸ்டினா குனிந்து அந்த ரோமத்தைப் பார்த்தாள். முதல் குழந்தையின் தோள்களில் இப்படித்தான் இருந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு இருக்கும். அதைத் தடவித் தடவிப் பார்த்துத்தான் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"எல்லாத்தயும் வடிச்சிட்டு நல்ல கூலன்ட் ஊத்திர்லாம். போய் எடுத்துட்டு வர்றேன். ஸ்டார்ட் பண்ணாத."

பைக் தெருமுனையில் திரும்பியது. பனி மட்டும் நின்றது. பூனை மதில்மேல் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. கீழே இறங்கவில்லை.

திறந்த பானெட்டுக்குள்ளிருந்து மெல்லிய சூடு அவள் முகத்தில் பட்டது. பெட்ரோல் வாடை இல்லை. சுண்ணாம்பு வாடையும் இல்லை. பால் கட்டின வாடை.

அப்போதுதான் நினைவு வந்தது. நேற்று மாலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை.

தூங்குகிறது என்று நினைத்திருந்தாள். அசைவு நின்றால் இனிப்பு சாப்பிட்டு இடப்பக்கம் படுக்க வேண்டுமென்று மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறவள். உதறுகிற வண்டியையே கவனித்துக்கொண்டிருந்துவிட்டாள்.

வயிற்றில் கை வைத்தாள். அழுத்தினாள். தட்டினாள்.

ஒன்றுமில்லை. கைக்குக் கீழே தோல் சில்லென்றிருந்தது.

விழாமலிருக்க மறு கையை நீட்டினாள். அது எஞ்சினில் பட்டது.

வெதுவெதுப்பு.

எஞ்சின் அணைந்துதான் இருந்தது.

உள்ளிருந்து உதைத்தது.

சின்னக் குதிகால். அந்த அழுத்தம் அவளுக்குத் தெரியும். இத்தனை நாளும் விலா எலும்புக்குக் கீழே இடித்துக்கொண்டிருந்ததுதான். உள்ளங்கை தேடி வந்து, இரும்புக்கு அந்தப் பக்கம் நின்றது.

மறுபடி. ஒருமுறை.

கையை எடுக்க அவளால் முடியவில்லை.

தெருமுனையில் வஹீத்தின் பைக் திரும்பியது. தண்ணீரை வடிக்கக் கொண்டுவந்த காலி டப்பா ஹாண்டில்பாரில் மோதி மோதி, நெருங்கி நெருங்கி, வந்துகொண்டிருந்தது.