நெட்டை மாமாவின் கோட்டுப் பை

நான்கு வயதுப் பட்டாணிக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். அவர் பெயர் நெட்டை மாமா.

மாமா நிஜ மனிதர் இல்லை. மூங்கில் கூடு, காகிதக் கூழில் செய்த பெரிய தலை, தரையைத் தொடும் நீளக் கோட்டு, அவ்வளவுதான் மாமா. மாடி ஜன்னலை எட்டிப் பார்க்கிற உயரம். வருஷம் முழுவதும் தச்சர் பட்டறையில் துணி போர்த்திப் படுத்திருப்பார். தெரு விழா அன்று மட்டும் எழுந்து வருவார்.

மேளக்காரர்கள் முன்னே போக, மாமா ஆடி அசைந்து பின்னால் வருவார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று தலையைக் குனிவார். அந்த வீட்டுக் கடைக்குட்டி ஓடிவந்து, நீளமாகத் தொங்கும் அவர் கைவிரலில் ஒரு ரிப்பன் கட்ட வேண்டும். கட்டினால்தான் மாமா அடுத்த வீட்டுக்கு நகர்வார்.

கூட்டுக்குள் நுழைந்து மாமாவைத் தோளில் தூக்குகிறவர் பட்டாணியின் அப்பா. அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஏணியில் நின்று நின்று கால்கள் இரும்பாகிவிட்டன. ஆனால் உள்ளே போய்விட்டால் ஒரு வார்த்தை பேசக்கூடாது, முகம் காட்டக்கூடாது. அது விதி. மாமாவுக்குள் ஆள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடிப்பதில்தான் விழாவின் ருசியே.

போன வருஷம் வந்தது வினை. அதற்குக் காரணம் பட்டாணியின் அக்கா. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர்.

"உள்ள இருக்கிறது நம்ம அப்பாதான்டா. வா, காட்டுறேன்" என்று தம்பியைப் பட்டறைக்கு இழுத்துப் போனாள்.

அப்பா குனிந்து கோட்டுக்குள் நுழைந்தார். கோட்டு மூடிக்கொண்டது. அப்பா திரும்பி வரவில்லை. மாமா மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"அப்பாவை முழுங்கிடுச்சு!" என்று அலறிய பட்டாணி, ஒரே ஓட்டமாக வீட்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டான். மாமா வந்து வாசலில் நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். மேளக்காரர்களுக்குக் கை கடுத்துவிட்டது. கடைசியில் ரிப்பன் இல்லாமலே நகர்ந்தார்.

அப்பா வீடு திரும்பியதும் பட்டாணி அவரைச் சுற்றிச் சுற்றி வந்தான். "அப்பா, நீ முழுசா இருக்கியா?" என்று காதையும் மூக்கையும் தொட்டுப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

இந்த வருஷம் விழா நெருங்கியபோது, சாப்பிடும் நேரத்தில் அப்பா தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "இந்தத் தடவை நான் தூக்கலை. பால்காரர் தூக்கட்டும். சின்னவன் பயப்படுறான்."

வாயாடி எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். குளிக்கப் போகும்போதுகூடத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு மாமா நடையை நடந்து பார்க்கிறவர் அப்பா. அவரே விட்டுக்கொடுக்கிறார்!

படுக்கும்போது தம்பியைக் கேட்டாள். "ஏன்டா, நெட்டை மாமான்னா அவ்வளவு பயமா?"

"எனக்கு ஒண்ணும் பயமில்ல" என்றான் பட்டாணி. "அப்பாதான் பாவம். உள்ள இருட்டா இருக்கும். பசிக்கும். நான் கூப்பிட்டாக்கூட அப்பா பேசவே இல்ல."

அட, இவன் பயந்தது தனக்காக இல்லையா! வாயாடி எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

பட்டாணி தினமும் அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். எப்போதோ ஏணி விழுந்து நசுங்கிய விரல் அது. நகம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அன்றும் அப்பா வந்து படுத்ததும் அதைத் தடவியபடியே தூங்கிப் போனான். வாயாடி அந்த இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் அம்மா தையல் மெஷினில் மாமாவின் கோட்டுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மாமா கோட்டுல பை வெச்சுத் தாயேன்."

"காகித ஆளுக்குப் பை எதுக்குடி? மூக்கு துடைக்கக் கைக்குட்டை வெச்சுக்கவா?"

"கீழ, பட்டாணிக்கு எட்டுற மாதிரி. ஆனா பைக்கு அடி இருக்கக்கூடாது."

"அடி இல்லாத பையா? என் தொழில் மானத்தையே வாங்கறியே!" என்றாள் அம்மா. வாயாடி காதோடு விஷயத்தைச் சொன்னாள். அம்மா உடனே கத்தரிக்கோலை எடுத்தாள்.

விழாவின் விதிகளைக் காப்பவர் தச்சர் பெரியப்பா. மாமாவின் தலையைச் செய்தவரும் அவர்தான். வாயாடி நேராக அவரிடம் போனாள்.

"பெரியப்பா, மாமாவோட பையில கை விடலாமா? அதுக்கு விதி இருக்கா?"

பெரியப்பா மரம் இழைப்பதை நிறுத்தி, இழைப்புளியைக் கீழே வைத்தார். தாடையைச் சொறிந்தார். "பேசக்கூடாது. முகம் தெரியக்கூடாது. பை... மாமாவுக்குப் பையே கிடையாதே. அதனால விதியும் இல்ல."

"போதும்!" என்று வாயாடி பறந்துவிட்டாள். மாமாவைத் தூக்க அப்பாவைச் சம்மதிக்க வைக்கத்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. பேசுவது அவளுக்கு ஒரு வேலையா?

விழா நாள் வந்தது. மேளச் சத்தம் கேட்டதும் பட்டாணி கட்டிலுக்கு அடியில் ஆஜர். வாயாடி தரையில் படுத்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா உள்ள எப்படி இருக்காருன்னு தொட்டுப் பார்க்கலாம். வர்றியா?"

"எப்படி?"

"மாமாவுக்குப் பை இருக்கு."

கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் பொட்டலம் சரசரத்தது. பிறகு ஒரு கையில் ரிப்பனும் மறு கையில் பிஸ்கட்டுமாகப் பட்டாணி ஊர்ந்து வெளியே வந்தான்.

மாமா வாசலில் நின்று தலையைக் குனிந்தார். பட்டாணி ரிப்பனை அக்காவிடம் கொடுத்துவிட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு பைக்குள் கையை விட்டான். முழங்கை வரை உள்ளே போனது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"அக்கா!" என்று கிசுகிசுத்தான். "மேடு பள்ள விரல்!"

மாமா நகரவில்லை. பட்டாணியும் கையை எடுக்கவில்லை. மேளக்காரர்கள் தாளத்தை மெதுவாக்கிக்கொண்டார்கள். வாயாடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் தூசி இல்லை.

ஒருவழியாகக் கையை எடுத்து, பட்டாணி ரிப்பனைக் கட்டினான். முடிச்சை மட்டும் அக்கா போட்டுக் கொடுத்தாள். மாமா கிளம்பக் காலெடுத்தபோது அவன் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

"இருங்க மாமா! அப்பாவுக்குப் பசிக்கும்."

பிஸ்கட் பைக்குள் போனது. பிறகு நெட்டை மாமாவின் வயிற்றுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. மொறுக், மொறுக்.

எல்லோரும் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா வானத்தைப் பார்த்தார்.

"பேசக்கூடாதுன்னுதான் விதி. மெல்லக்கூடாதுன்னு யாரும் சொல்லல. ம், மேளத்தை அடிங்கப்பா!"

பையைப் பற்றிய சேதி மேளத்தைவிட வேகமாகத் தெருவில் ஓடியது. ஒவ்வொரு வாசலிலும் கடைக்குட்டிகள் ஒரு கையில் ரிப்பனும் மறு கையில் தின்பண்டமுமாகக் காத்திருந்தார்கள்.

அன்று இரவு அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "போதும்டா சாமி, மூக்கு முட்ட இருக்கு" என்று வயிற்றைத் தடவிக்கொண்டார். பட்டாணி அந்த வயிற்றின் மேலேயே தலை வைத்து, கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப் போனான்.