ஆடாத மூடி

ட்ரிங்... ட்ரிங்...

ரோட்டுக்கு அடியில் போன் அடித்தது!

பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் அவரவர் பையைத் தடவிப் பார்த்தார்கள். யாருடையதும் இல்லை. சத்தம் மேன்ஹோல் மூடிக்குக் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது. நின்றது... மறுபடி அடித்தது.

கூடை வைத்திருந்த ஒரு பெண்மணி போலீசுக்குச் சொன்னாள். போலீஸ் வந்தது. குனிந்து காதை வைத்துக் கேட்டது. சாக்கடை மூடியைத் திறப்பது எங்கள் வேலை இல்லை, உள்ளே விஷவாயு இருந்தால் யார் பொறுப்பு என்று சொல்லிவிட்டு முனிசிபாலிட்டியின் மூடிப் பிரிவுக்குப் போன் போட்டது.

மூடிப் பிரிவு என்றால் பெரிய பட்டாளம் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றே பேர். ஊரில் இருக்கிற மேன்ஹோல் மூடிகளையெல்லாம் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, விரிசல் விட்டதை மாற்றுவது, ஆடுவதை ஆடாமல் உட்கார வைப்பது... இதுதான் வேலை. ஒருத்தர் காலை உடைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். இன்னொருத்தன், தம்பி. மூன்றாவது ஆள்தான் மேஸ்திரி. அந்தத் தம்பியின் கூடப்பிறந்த அக்கா.

அக்கா கொக்கியும் சுத்தியலுமாக வந்து இறங்கினாள். மூடியைப் பார்த்தாள்.

அடடா, என்ன வேலை!

விளிம்பைச் சுற்றி ஒரு பொட்டு மண் இல்லை. மூடிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி கிரீஸ். மூடியில் செதுக்கிய குறியும் சட்டத்தில் செதுக்கிய குறியும் நேருக்கு நேர். மேலே ஏறி ஒரு குதி குதித்துப் பார்த்தாள். மூச்... ஒரு சத்தம் இல்லை.

தம்பியின் கைதான். வேறு யாருக்கு வரும்? அப்பா அம்மா போன பிறகு தோளில் போட்டு வளர்த்தவள், தொழிலையும் கற்றுக் கொடுத்தவள். பெருமையாக இருந்தது.

கொக்கியை மாட்டி மூடியை நகர்த்தினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள்.

பெருமை போய்விட்டது.

காயலான்! மல்லாந்து கிடந்தான்... கண் திறந்திருந்தது, உயிர் இல்லை. சட்டைப் பையில் போன் மட்டும் வெளிச்சம் போட்டு அழைத்துக்கொண்டிருந்தது. பெண்டாட்டி, பாவம், விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

காயலான் பழைய இரும்புக் கடைக்காரன். மற்ற கடைகளுக்கு இரும்பு தானாக வரும். இவன் தேடிப் போய்க் கழற்றி வருவான், முக்கால்வாசி மேன்ஹோல் மூடிதான். போன மழைக்காலத்தில் அவன் திறந்துபோட்டுப் போன ஒரு குழியில் தம்பியின் உயிர்ச் சினேகிதன் சைக்கிளோடு விழுந்து செத்தான். சாட்சி இல்லை என்று வழக்கு நிற்கவில்லை. கோர்ட் வாசலில், வக்கீல்கள் நிற்க, போலீஸ் நிற்க, தம்பி காயலானின் சட்டையைப் பிடித்து, "உன்னையும் ஒரு நாள் உள்ள இறக்குறேன்" என்று சொல்லியிருந்தான்.

இறக்கிவிட்டான்.

அக்காவுக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிற்று. தம்பி பெண்டாட்டிக்கு நிறைமாசம் வேறு. படுபாவி, தள்ளினதுதான் தள்ளினே... மூடியை ஏண்டா இவ்வளவு ஒழுங்காப் போட்டே? இதைப் பார்த்து உன் பேரைச் சொல்லாதவன் இந்தத் தொழிலிலேயே கிடையாதே!

சட்டென்று நிமிர்ந்தாள்.

"எல்லாரும் தள்ளிப் போங்க. வாயு வருது."

முதலில் ஓடியது போலீஸ்.

மூக்கைப் பொத்திக்கொண்டு அவர்கள் தூரத்தில் நின்ற நேரத்தில், அக்கா கையுறையால் கிரீஸை வழித்தெடுத்தாள். ரோட்டோரத்து ஜல்லியில் ஒரு பிடி அள்ளிச் சட்டத்தில் தூவினாள். நல்ல மூடியைக் கெடுத்தது சர்வீசில் அதுதான் முதல் தடவை. கை கூசியது. தம்பியை நினைத்துக்கொண்டு செய்தாள்.

உடலை எடுத்துப் போனார்கள். மத்தியானத்துக்குள் தம்பியையும் எடுத்துப் போனார்கள்.

இன்ஸ்பெக்டருக்கு ஜலதோஷம். எதைப் பார்த்தாலும் தும்மல், யாரைப் பார்த்தாலும் சந்தேகம். நேற்று விடுமுறை, ரோட்டில் ஈ காக்கை இல்லை, அப்போது எங்கே இருந்தாய் என்று தம்பியைக் கேட்டார். வீட்டில் தூங்கினேன், அந்த ரோட்டுப் பக்கமே போகவில்லை என்றான் தம்பி. திருப்பித் திருப்பிக் கேட்டார். அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான்.

அக்கா ஸ்டேஷனுக்கு ஓடி வந்தாள். தம்பியை ஒரு நிமிஷம் பார்த்துவிடுகிறேன் என்று கெஞ்சினாள். முடியாது என்றுவிட்டார் இன்ஸ்பெக்டர். அந்த ஒரு நிமிஷம் கிடைத்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்!

"சார், என் தம்பி கோபக்காரன். நான் இல்லேன்னு சொல்லலை," என்றாள் அக்கா. "கொலை பண்ணியிருப்பான்னு நீங்க நெனச்சா, அதுக்குக்கூட நான் சண்டை போட மாட்டேன்."

"பின்ன எதுக்கு வந்தீங்க?"

"அந்த மூடி ஆடுது சார். எவனோ மண்ணும் கல்லுமா அப்படியே தூக்கிப் போட்டிருக்கான். நான் எதையும் தொடைக்காம திரும்ப மூடியிருக்கேன், வந்து பாருங்க. என் தம்பி போட்ட மூடி ஆடாது."

இன்ஸ்பெக்டர் தும்மினார். பிறகு ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

பஸ் ஸ்டாப் மூடியின் மேல் ஏறி நின்றார். டொக்... டொக்... இந்தச் சத்தம் அவருக்கு நன்றாகவே தெரியும். அவர் வீட்டு வாசலிலேயே ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு லாரி போகும்போதும் மாமியார் "யாரது?" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார். வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

தம்பி பார்த்த மற்ற மூடிகள் எங்கே என்று கேட்டார். அக்கா காட்டினாள். இன்ஸ்பெக்டர் தெருத் தெருவாகப் போய் ஒவ்வொரு மூடியிலும் ஏறிக் குதித்தார். யூனிபார்மோடு! சனம் கடையை விட்டு வெளியே வந்து வேடிக்கை பார்த்தது. ஒன்றாவது ஆட வேண்டுமே? மலை மாதிரி உட்கார்ந்திருந்தன.

அவர் மனசு மாறிவிட்டது. காயலானுக்கு விரோதிக்கா பஞ்சம்? இரும்பு திருடுகிற கும்பலில் பங்குச் சண்டை வந்திருக்கும், எவனோ ஒரு அரைகுறை அவனைத் தள்ளிவிட்டு அவசரத்தில் மூடியைப் போட்டிருக்கிறான் என்று ஏட்டிடம் சொன்னார். ஏட்டும் ஆமாம் சாமி போட்டார்.

சாயங்காலம் தம்பியை வெளியே கூட்டி வந்தார்கள். செருப்பைக் கொடுத்தார்கள், பெல்டைக் கொடுத்தார்கள். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாடா போகலாம், அவ வீட்டுல அழுதுக்கிட்டு இருக்கா என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

வாசலைத் தாண்ட இரண்டே எட்டு.

இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன். சும்மா அனுப்புவதற்குப் பதில் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாமே என்று நினைத்தார்.

"உங்க அக்காவுக்குக் கோயில் கட்டு. உன் வேலை சுத்தமா இருக்கும்னு அவங்கதான் நிரூபிச்சாங்க. கொலைகாரன் போட்ட மூடி எப்படி இருந்துச்சு தெரியுமா? கேவலம். கால வச்சா டொக்கு டொக்குன்னு ஆடுது."

தம்பி நின்றான்.

திட்டினால் பொறுத்துக்கொள்வான். அடித்தால்கூடப் பொறுத்துக்கொள்வான். வேலையைக் குறை சொன்னால் மட்டும் அவனுக்குப் பொறுக்காது. சின்ன வயசிலிருந்தே அப்படி. அக்கா வளர்த்த வளர்ப்பு!

"எந்த மூடி சார்?"

அக்கா அவன் காலை மிதித்தாள்.

"பஸ் ஸ்டாப் மூடிதான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அது ஆடுச்சா?"

"ஆடுச்சு."

"வீட்டுக்கு வாடா," என்றாள் அக்கா.

"இரு அக்கா. ஆடியிருக்காது சார். நேத்து துணியால துடைச்சு, கிரீஸ் வச்சு, குறியோட குறி சேர்த்து, மேல ஏறி நின்னு பார்த்துட்டுத்தானே போனேன்..."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது அது தொழில் கௌரவம் இல்லை!

இன்ஸ்பெக்டருக்கு வந்த தும்மல்கூடப் பாதியில் நின்றுவிட்டது. ஏட்டு செருப்பையும் பெல்டையும் ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"அப்ப நல்லா இருந்த மூடி இன்னிக்கு எப்படி ஆடுச்சு?" என்று கேட்ட இன்ஸ்பெக்டர், மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார்.

தம்பியும் திரும்பினான்.

"அக்கா... நீயா?"

அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். உனக்காகத்தாண்டா, உன் பிள்ளை முகத்தை நீ பார்க்க வேணாமா என்று விக்கலுக்கு நடுவே சொன்னாள். கொலைக்குக்கூட அசையாத தம்பியின் கண்ணில் இப்போது தண்ணீர் தளும்பியது.

"ஆளுங்க நடக்குற ரோடுக்கா அது. இன்னொருத்தன் விழுந்தா?"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. சட்டம் என்று ஒன்று இருக்கிறதே, என்ன செய்ய? லாக்கப் கதவைத் தானே திறந்துவிட்டார்.

"ரெண்டு பேரும் உள்ள போங்க. கதவ நான் சாத்துறேன். ஆடினா சொல்லுங்க."